ஊர் கருங்கல்... எலும்பு கருங்கல் இல்லை!

கருங்கல்லை உடைத்தால் இரண்டு துண்டு. அவ்வளவுதான். சிமென்ட் வைத்துப் பூசலாமே தவிர, அது தானாக ஒட்டாது. எலும்பு அப்படியில்லை. உடைந்தால் ஒட்டும். தேய்ந்தால் வளரும். ஏனென்றால் அதற்கு உயிர் இருக்கிறது. உள்ளே ரத்தம் ஓடுகிறது. உயிர் இருப்பதால், ரத்தம் நின்றால் செத்தும் போகிறது!

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஜங்ஷனில் ஒருநாள் சாயங்காலம் அரை மணி நேரம் நின்று பாருங்கள். மார்த்தாண்டம் போகிற ரோடு, திங்கள்நகர் போகிற ரோடு, புதுக்கடை போகிற ரோடு... எல்லாம் வளைவும் நெளிவும் ஏற்றமும் இறக்கமும்தான். அதில் பைக்கில் பறக்கிற தம்பிமாரைப் பார்த்தால், தங்கள் காலும் ஊர்ப் பெயரைப் போலத்தான் என்று நினைத்துவிட்டார்களோ என்று தோன்றும்.

"அதனால என்ன சார்? உடைஞ்சா பிளேட் வச்சு முடுக்கிடுவாங்க!" என்கிறீர்களா? முடுக்குவார்கள். முடுக்குவதற்கு எலும்பு இருந்தால்! எலும்பில் ஒரு துண்டே காணாமல் போயிருந்தால்?

அங்கேதான் எலும்பு வைத்து ஒட்டும் ஆபரேஷன் வருகிறது. டாக்டர்கள் பாஷையில் 'போன் கிராஃப்ட்'. ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் செய்வது பாதி வேலை. மீதி, அதற்குப் பிறகு வருகிற நாட்களில் வார்டிலும் வீட்டிலும் நடக்கிறது. அந்த நாட்களில் வரக்கூடிய சிக்கல்கள் என்ன, எதைப் பார்த்தால் உடனே குரல் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

காணாமல் போன ஆறு சென்டிமீட்டர்

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நம்ம தம்பி ஒருவர், வயது இருபத்தாறு, மார்த்தாண்டத்தில் ஆபீஸ் வேலை. பைக்கில் திரும்பி வரும்போது லாரியில் மோதிக் கால் சிக்கிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பு, டிபியா, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. முன்பக்கத்தில் இந்த எலும்புக்கு மேலே சதையே கிடையாது, வெறும் தோல்தான். தடவிப் பாருங்கள், தெரியும். அதனால்தான் பைக் விபத்தில் முதலில் வெளியே எட்டிப் பார்ப்பது இதுவாக இருக்கிறது.

சில துண்டுகள் ரோட்டிலேயே போய்விடும். மீதியில் மண் ஏறியது, ரத்த ஓட்டம் அறுந்து செத்தது எல்லாவற்றையும் டாக்டர் எடுத்துவிடுவார். "ஐயோ, எலும்பை வெட்டி எறிஞ்சிட்டாங்களே!" என்று வீட்டில் அழுவார்கள். ஆனால், செத்த எலும்பை உள்ளே வைத்துத் தைத்தால் அது கிருமிகளுக்கு வாடகையில்லாத வீடு!

இந்தப் பாடத்தை உலகம் முதல் உலகப் போரில் ரத்தம் சிந்திக் கற்றுக்கொண்டது. அதற்கும் கருங்கல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு சம்பந்தம் உண்டு. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி! 1838-ல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கி வைத்த மருத்துவப் பணி அது. அங்கே பல வருஷம் சர்ஜனாக இருந்த டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல், 1916-ல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஆபரேஷன் செய்தவர். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன கோஷ்டியிலும் இருந்தவர். எவரெஸ்ட்டுக்கு வந்த மனுஷர் நெய்யூரைப் பார்த்தார், வரிசையில் நின்ற நோயாளிகளைப் பார்த்தார், இங்கேயே தங்கிவிட்டார். 'காயத்தை அவசரமாக மூடாதே. முதலில் செத்ததை வெட்டி எடு, கழுவு' என்பது அந்த யுத்தம் அவர் தலைமுறை சர்ஜன்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இன்றைக்கும் அதேதான்.

ஆக, செத்ததை எடுத்துக் கழுவி முடித்தபோது நம்ம தம்பியின் காலில் ஆறு சென்டிமீட்டர் இடைவெளி. விபத்தில் மட்டும்தான் இப்படி ஆகும் என்றில்லை. எலும்புக்குள் பழைய சீழ், எலும்பில் கட்டி... இவற்றை எடுத்தாலும் இதே நிலைதான்.

நிரப்புவது எப்படி?

இந்த ஆசை புதிதல்ல. கிளாஸ்கோ நகரத்து டாக்டர் வில்லியம் மெக்யூவன், சீழ் பிடித்துக் கை எலும்பை இழந்த ஒரு சின்னப் பையனுக்கு, வேறு குழந்தைகளின் வளைந்த காலை நிமிர்த்தும்போது எடுத்த எலும்புத் துண்டுகளை வைத்து வளர்த்துக் காட்டினார். 1881-ல் அதை வெளியிட்டார். இப்போது நான்கு வழிகள் முக்கியம்.

ஒன்று: இடுப்பு எலும்பிலிருந்து சுரண்டி எடுத்து வைப்பது. சின்ன இடைவெளிக்கு நல்லது. ஐந்தாறு சென்டிமீட்டரைத் தாண்டினால் இதை மட்டும் நம்ப முடியாது.

இரண்டு: கெண்டைக்காலின் வெளி ஓரத்தில் இருக்கும் மெல்லிய எலும்பு, ஃபிபுலா. அதை ரத்தக் குழாயோடு சேர்த்து எடுத்து, புது இடத்தில் இருக்கிற ரத்தக் குழாயோடு மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைப்பது. ஆஸ்திரேலிய டாக்டர் இயன் டெய்லர் 1975-ல் இதை எழுதி வெளியிட்டார். வேரோடு பிடுங்கி நட்ட கன்று மாதிரி!

மூன்று: ரஷ்ய டாக்டர் இலிசரோவின் வளையம். காலைச் சுற்றி இரும்பு வளையங்கள்; சைக்கிள் ஸ்போக்ஸ் மாதிரி இழுத்துக் கட்டிய கம்பிகள். நல்ல எலும்பை ஒரு இடத்தில் வெட்டி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நகர்த்தினால், பின்னாலேயே புது எலும்பு வளர்ந்துகொண்டு வரும்.

நான்கு: ஃபிரெஞ்சு டாக்டர் மாஸ்கலே முறை. முதலில் இடைவெளியில் மருந்து கலந்த சிமென்ட் உருண்டை. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் அதைச் சுற்றி உடம்பே ஒரு ஜவ்வு கட்டும். பிறகு சிமென்டை எடுத்துவிட்டு, அந்தப் பைக்குள் எலும்பை நிரப்புவார்கள்.

இலிசரோவை உலகம் அறிந்ததற்கு ஒரு பைக் விபத்தும் காரணம். வலேரி புருமெல் என்ற ரஷ்ய வீரர். உயரம் தாண்டுவதில் 2.28 மீட்டர் உலக சாதனை, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம். அடுத்த வருஷமே மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனபோது கால் நொறுங்கியது. ஆபரேஷன் மேல் ஆபரேஷன். எலும்பில் சீழ். கால் குட்டையாகிவிட்டது. 1968-ல் சைபீரியாப் பக்கம் குர்கானில் இலிசரோவிடம் போனார். கால் நீண்டது. அதன் பிறகு மறுபடி இரண்டு மீட்டருக்கு மேல் தாண்டினார்! உலக சாம்பியனாலும் மூன்று வருஷம் காத்திருக்க நேர்ந்தது என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

முதல் நாள்: வலி என்ன சொல்கிறது?

இனி விஷயத்துக்கு வருவோம். ஆபரேஷன் முடிந்து தம்பியை வார்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. வலிக்கத்தான் செய்யும். ஊசி போட்டால் அடங்கும் வலி சாதாரண வலி. ஊசி போட்டும் அடங்காமல், நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறுகிற வலி, கால் விரலை மெல்ல மேலே மடக்கினால் உயிர் போகிற வலி, கெண்டைக்கால் பலகை மாதிரி விறைப்பு, விரல்களில் மரமரப்பு... இது வேறு.

காலின் சதைகள் இறுக்கமான உறைகளுக்குள் இருக்கின்றன. உள்ளே வீக்கம் ஏறினால் உறை விரியாது. ரத்தக் குழாய்தான் நசுங்கும். 'கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்' என்று பெயர். சுமார் ஆறு மணி நேரம் ரத்தம் போகாவிட்டால் சதை செத்துவிடும். உறையைத் திறந்துவிட்டால் பிழைக்கும். "ஆம்பிளப் பிள்ளை, பல்லைக் கடிச்சிட்டு இரு மக்கா!" என்று தேற்றுகிற மாமாவைக் கொஞ்சம் வெளியே போய் டீ குடிக்கச் சொல்லிவிட்டு, நர்ஸைக் கூப்பிடுங்கள். இந்த இடத்தில் வீரம் காட்டினால் காலுக்கு நஷ்டம்.

மூன்று நாள்: தோல் என்கிற ஜன்னல்

ரத்தக் குழாயோடு எலும்பை நட்டிருந்தால், முதல் இரண்டு மூன்று நாள்தான் கண்டம். தைத்த குழாய் பேனா ரீஃபில் அளவுதான் இருக்கும். அதில் ரத்தம் உறைந்து அடைத்தால் எலும்பு பட்டினி.

உள்ளே இருக்கும் எலும்பை எப்படிப் பார்ப்பது? அதற்காகவே பல சமயம் எலும்போடு ஒரு துண்டுத் தோலையும் சேர்த்து எடுத்து வெளியே தெரிகிற மாதிரி வைத்திருப்பார்கள். அதுதான் ஜன்னல். நர்ஸ் அடிக்கடி வந்து அதை அழுத்திப் பார்ப்பது இதற்காகத்தான். நடுராத்திரியில் டார்ச் அடித்து எழுப்பினால் கோபப்படாதீர்கள்! தோல் வெளுத்துச் சில்லிட்டால், ரத்தம் உள்ளே வரவில்லை. நீலமாகக் கறுத்தால், வந்த ரத்தம் வெளியே போகவில்லை. சீக்கிரம் கண்டுபிடித்து மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனால் பல சமயம் காப்பாற்றிவிடலாம். "காலையில டாக்டர் வரட்டும், சொல்லிக்கலாம்" என்றால் காலையில் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

கட்டுக்குள் ரத்தம் கட்டி வீங்குவதும் இந்த நாட்களில்தான். அதற்காகத்தான் டியூப் வைத்திருப்பார்கள். டியூப்பில் திடீரென்று அதிக ரத்தம் வந்தாலும் சொல்ல வேண்டும். சுத்தமாக நின்று போய்க் கால் வீங்கினாலும் சொல்ல வேண்டும்.

இரண்டு வாரம்: கிருமி வருகிற நேரம்

ஆபரேஷன் முடிந்து முதல் ஒன்றிரண்டு நாள் லேசாக உடம்பு சுடுவது சகஜம். நான்காம் ஐந்தாம் நாள் புதிதாகக் காய்ச்சல் வந்தால் சகஜமில்லை. குறைந்துகொண்டே வந்த வலி திரும்ப ஏறுவது, தையலைச் சுற்றிச் சிவப்பு, சூடு, கட்டு நனைவது, வாடை... எல்லாம் ஒரே செய்திதான்.

எலும்பு ஆபரேஷனில் மட்டும் டாக்டர்கள் ஏன் இப்படிப் பயப்படுகிறார்கள்? புதிதாக வைத்த எலும்புத் துகளுக்குள் இன்னும் ரத்தக் குழாய் முளைக்கவில்லை. ரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரையும் போகாது, ஊசி மருந்தும் போகாது! கிருமிக்கு அது தெரியும். பிளேட், ஸ்க்ரூ மேல் ஒரு வழுவழுப்பான படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், மருந்துக்கு அசையாது. ஆரம்பத்திலேயே திறந்து கழுவினால் பல கேஸ்களில் வைத்த எலும்பு தப்பிக்கும். தாமதித்தால், வைத்த அத்தனையையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பம். சர்க்கரை இருப்பவர்கள் இரட்டை ஜாக்கிரதை.

வீட்டுக்கு வந்த பிறகு கட்டைப் பிரித்து மஞ்சள் வைப்பது, வெற்றிலை வைப்பது... வேண்டவே வேண்டாம்.

மூச்சு முட்டினால் முதலில் ஆம்புலன்ஸ்

கால் அசையாமல் கிடந்தால் நாளங்களில் ரத்தம் உறையும். கெண்டைக்கால் வீங்கி வலிக்கும். அந்த உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, சில சமயம் சளியில் ரத்தம். "கேஸ் பிடிச்சிருக்கும், சோடா குடி" என்கிற ஆராய்ச்சியெல்லாம் கூடாது. உடனே 108. இதைத் தடுக்கத்தான் வயிற்றில் அந்தச் சின்ன ஊசி. அசைக்கச் சொன்ன விரல்களை அசைக்கச் சொல்வதும் அதற்காகத்தான்.

கொடுத்த இடமும் வலிக்கும்!

"அடிபட்டது காலில், வலிக்கிறது இடுப்பில்" என்று பலர் திகைக்கிறார்கள். கடன் வாங்கினால் வட்டி கட்ட வேண்டாமா? இடுப்பு எலும்பு எடுத்த இடத்தில் காலைவிட அதிகமாகவே சில வாரம் வலிக்கலாம். தொடையின் வெளிப்பக்கம் மரத்துப் போகலாம். அங்கே பெரிதாக வீங்கினால் ரத்தம் கட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

ஃபிபுலா எடுத்திருந்தால், பாதத்தை மேலே தூக்க முடிகிறதா என்று தினமும் பாருங்கள். முழங்காலுக்குப் பக்கத்தில் அந்த எலும்பை ஒட்டியே ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டால் பாதம் தொங்கிவிடும். கட்டை விரல் கீழ்நோக்கி மடங்கிக்கொள்வதும் உண்டு. இரண்டையும் முதலிலேயே சொன்னால் பயிற்சியிலும் பெல்ட்டிலும் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

ஸ்க்ரூ திருகும் அண்ணன்

வளையம் மாட்டியவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஒரு மில்லிமீட்டரை ஒரேயடியாகத் திருகக் கூடாது. கால் மில்லிமீட்டர் வீதம் நாளுக்கு நான்கு தடவை. ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் பத்து நாள் பொறுத்துத்தான் ஆரம்பிப்பார்கள். "சீக்கிரம் முடியட்டும்" என்று இரண்டு மடங்கு திருகினால் எலும்பு வளராமல் வெறும் இடைவெளிதான் வளரும். சோம்பேறித்தனமாக விட்டால் வெட்டிய இடம் முந்திக்கொண்டு ஒட்டிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, எதிர்ப்பக்கம் திருகுகிற ஆட்களும் உண்டு! எந்தப் பக்கம் என்று ஒரு அம்புக்குறி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு சென்டிமீட்டருக்கு அறுபது நாள். அது கெட்டிப்பட அதைவிட அதிக நாள். கம்பி நுழைகிற இடங்களில் சிவப்பும் கசிவும் அடிக்கடி வரும். சுத்தம் செய்து, டாக்டர் சொல்கிற மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் உடனே காட்ட வேண்டும்.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள்

நம்ம ஊரில் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு அறிவுரையும் வரும். "எண்ணெ போட்டு ஒரு பிடி பிடிச்சா செரியாயிரும் மக்கா!"

குமரி மாவட்டத்தில் வர்ம ஆசான்மார்களுக்குத் தனி மரியாதை உண்டு. தோல் கிழியாத சாதாரண முறிவுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டி ஆறியவர்கள் ஏராளம். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எலும்பு வைத்து ஒட்டிய காலில் கை வைத்து உருவினால், முளைக்கிற ரத்தக் குழாய்தான் முதலில் அறுபடும். இறுக்கிக் கட்டினால் சதை சாகும். நாற்று நட்ட வயலில் யாராவது நடப்பார்களா?

அடுத்தவர், பாத்ரூம் பக்கம் கூட்டிப்போய் ஒரு சிகரெட் நீட்டுகிற நண்பர். இவர்தான் ஆபத்தானவர். நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்குகிறது. அமெரிக்காவில் கால் எலும்பு வெளியே வந்த முறிவுக்காரர்களைப் பின்தொடர்ந்து 2005-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், புகைப்பவர்களுக்கு எலும்பில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. எலும்பு கூடுவதும் குறைந்தது. ஒரு பாக்கெட் சிகரெட்டின் விலையில் ஆறு மணி நேர ஆபரேஷனைத் தோற்கடிக்கலாம்!

மூன்றாமவர் நம்ம தம்பியேதான். நாலாம் வாரம் வலி குறைந்ததும், "ஒரு எட்டு வச்சுப் பாக்கட்டா?" வலி போனது எலும்பு கூடியதற்கு அத்தாட்சி அல்ல. எக்ஸ்ரேதான் அத்தாட்சி. அவசரமாகக் காலை ஊன்றினால் ஸ்க்ரூ தளரும், பிளேட் உடையும், நட்ட எலும்பு முறியும்.

கால் வேண்டுமா, வேண்டாமா?

சில சமயம் டாக்டர் காலை எடுத்துவிடலாம் என்பார். அது ஊகத்தில் சொல்வதல்ல. கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரியில் டாக்டர் ராஜசேகரன் குழுவினர் 2006-ல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். தோல், எலும்பு, சதை மூன்றுக்கும் தனித்தனி மார்க். கூட இருக்கும் வியாதிகளுக்கும் மார்க். இந்தப் பரீட்சையில் மார்க் குறைந்தால்தான் பாஸ்! 14-க்குள் இருந்தால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம். 17-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ எடுப்பதே நல்லது. இடையில் இருந்தால் டாக்டரும் குடும்பமும் உட்கார்ந்து பேச வேண்டும். நம்ம தமிழ்நாட்டு மார்க் ஷீட் இன்று வெளிநாட்டு டாக்டர்களின் கட்டுரைகளிலும் பேசப்படுகிறது.

பணத்தை நினைத்து முதல் மணி நேரத்தை வீணாக்காதீர்கள். விபத்து நடந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காகத் தமிழக அரசு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. தொடங்கியபோது ஒரு லட்ச ரூபாய் வரை. நாகர்கோவில் பக்கம் ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. வெளியே வந்த எலும்பைக் கையால் உள்ளே தள்ளாமல், சுத்தமான துணியால் மூடி, நேராகக் கொண்டுபோவதுதான் முதல் வைத்தியம்.

டிஸ்சார்ஜ் அன்று கேட்க வேண்டிய ஐந்து

1. காலை எப்போது ஊன்றலாம்? எவ்வளவு பாரம்?

2. கட்டை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

3. எந்த மாத்திரை எத்தனை நாள்? ரத்தம் உறையாமல் இருக்க ஊசி உண்டா?

4. எந்தப் பயிற்சியை இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும்?

5. ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் எந்த நம்பருக்குப் போன் செய்ய வேண்டும்?

ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆபீஸில் லீவு லெட்டர் எழுதும்போது 'இரண்டு வாரம்' என்று எழுதிவிட்டு மேனேஜரோடு சண்டை போடாதீர்கள். மாதக் கணக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். புது எலும்புக்கு மேனேஜரும் தெரியாது, இன்கிரிமென்ட்டும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ரத்தம், சுத்தம், பொறுமை.

பெரியவர்கள் யாராவது "நாங்க எல்லாம் அந்தக் காலத்துல..." என்று ஆரம்பித்தால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கையை மட்டும் கட்டின் மேல் வைக்க விடாதீர்கள்!